மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள்



பட்ஜெட் மாதம் பிறந்தால் ஒரு பட்டியல் கைபேசிக்குக் கைபேசி தாவத் தொடங்கிவிடும். இடப்பக்கம் நாடுகளின் பெயர்கள். எதிரே மூன்று கட்டங்கள்: கம்பெனி வரி, வருமான வரி, விற்பனை வரி. துபாய்க்கு நேரே பெரிய பூஜ்யம். சிங்கப்பூருக்கு நேரே 24. இந்தியாவுக்கு நேரே 39, அதுவும் சிவப்பு நிறத்தில். அடியில் தவறாமல் ஒரு கேள்வி: நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம்?

இந்த முறை அதே பட்டியல் நம் அலுவலகத்துக்கு வாசகர் கடிதங்களோடும் வந்து சேர்ந்திருக்கிறது. இதைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்களில் மாதச் சம்பளக்காரர்கள் அதிகம். பட்டியலில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் சரிதான். எண்கள் சரியாக இருந்தும் படிப்பவரைத் தவறான முடிவில் கொண்டுபோய் நிறுத்துகிற பட்டியல் இது. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 39. உச்ச ஸ்லாப் 30 சதவீதம். அதன் மேல் 25 சதவீத சர்சார்ஜ் ஏறினால் 37.5. அதற்கும் மேலே 4 சதவீத செஸ். கூட்டினால் 39 வருகிறது. ஆனால் அந்த 25 சதவீத சர்சார்ஜ் யாருக்கு? ஆண்டு வருமானம் 2 கோடியைத் தாண்டியவருக்கு. பட்டியலை அனுப்பியவர்களில் அப்படி யாராவது இருந்தால் அவருக்கு என் வாழ்த்துகள். ஆண்டுச் சந்தாவை ஆயுள் சந்தாவாக மாற்றிக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவர்கள் கதை வேறு. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவர் வருமான வரியாக ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. 20 லட்சம் வாங்குபவருக்கு, ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போக, ஸ்லாப் ஸ்லாபாகப் போட்டுப் பாருங்கள். செஸ் உட்பட 1,92,400 ரூபாய் வரும். சம்பளத்தில் சுமார் 9.6 சதவீதம். பட்டியல் காட்டுவது ஏணியின் கடைசிப் படியை மட்டும். அந்தப் படியில் எத்தனை பேர் நிற்கிறார்கள், கீழ்ப்படிகள் எங்கே தொடங்குகின்றன என்பதற்கு அதில் இடமில்லை.

இதைவிட உயரமான ஏணியும் நம்மிடம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தியாவின் உச்ச வருமான வரி, சர்சார்ஜோடு, 97.75 சதவீதம். அந்தத் தட்டில் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கையில் மிஞ்சுவது இரண்டேகால் ரூபாய். அந்த விகிதத்தை உண்மையாகக் கணக்குக் காட்டிக் கட்டியவர்கள் அபூர்வம். பணம் கணக்கில் வராத பக்கம் போய் ஒதுங்கியது. அதைப் படிப்படியாக இறக்கியவர்களில் நம் ஊர்க்காரர்கள் உண்டு. 1976 பட்ஜெட்டில் சி. சுப்பிரமணியம் உச்ச விகிதத்தை 77இலிருந்து 66க்குக் கொண்டுவந்தார். 1997இல் ப. சிதம்பரம் படிகளை 10, 20, 30 என்று இறக்கினார். அந்த 30தான் இன்றைக்கும் அடிப்படை.

இப்போது துபாய்க்கு நேரே இருக்கும் பூஜ்யம். அமீரகத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது, இது உண்மை. ஆனால் 2018 ஜனவரியிலிருந்து 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. 2023 ஜூன் முதல் கம்பெனி லாபத்தில் 3.75 லட்சம் திர்ஹமுக்கு மேற்பட்ட பகுதிக்கு 9 சதவீதம். துபாயில் வாடகை வீட்டில் இருப்பவர் ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை, மின்சார, தண்ணீர் பில்லோடு சேர்த்து, மாதாமாதம் நகராட்சிக் கட்டணமாகக் கட்டுகிறார். அதற்கு யாரும் வரி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது கட்டணத்தைப் பார்த்தால் மீதிக் கதையும் புரிந்துவிடும். பக்கத்து சவூதியில் 2018இல் 5 சதவீதமாகத் தொடங்கிய வாட், 2020 ஜூலையில் ஒரே தாவலில் 15 ஆனது. எண்ணெய் விலை விழுந்த நேரம். அரசுக்கு வேறு வழி இல்லை.

சிங்கப்பூரில் உச்ச வருமான வரி 24 சதவீதம்தான். அதுவும் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் சம்பாதித்தால். ஆனால் அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள ஊழியரின் சம்பளத்தில், 55 வயதுவரை, 20 சதவீதம் மத்திய சேமநிதிக்குப் போகிறது; முதலாளி 17 போடுகிறார். அது வரி இல்லை, அவருடைய சொந்தப் பணம்தான். வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் முதுமைக்கும் அதிலிருந்தே எடுக்கிறார். வேறு நாட்டில் அரசு வரி வாங்கிச் செய்யும் காரியத்தை அங்கே குடிமகன் தானே சேமித்துச் செய்துகொள்கிறான். கார் ஆசை உள்ளவர் அதற்கான உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்தக் காகிதம் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஏலங்கள் உண்டு. பட்டியலில் இதற்கும் கட்டம் கிடையாது.

கம்பெனி வரிக் கட்டத்தைப் பார்ப்போம். இங்கேதான் நாடுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. ஏனென்றால் மனிதனைவிட லாபத்துக்குக் கால் அதிகம். எங்கே வரி குறைவோ அங்கே அது ஒரு கடிதத் தலைப்பை அச்சிட்டுக்கொண்டு போய்விடும். கேமன் தீவுகளில் கம்பெனி வரி என்பதே இல்லை. அங்குள்ள உக்லாண்ட் ஹவுஸ் என்ற ஒரு கட்டடத்தின் முகவரியில் 18,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவாகியிருந்ததை 2008இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது. ஐந்தே மாடிக் கட்டடம் அது.

அயர்லாந்து இன்னும் சுவாரஸ்யம். 2003 முதல் வணிக லாபத்துக்கு 12.5 சதவீதம் என்று அறிவித்து உலகத்தின் பெரிய மென்பொருள், மருந்துக் கம்பெனிகளையெல்லாம் டப்ளினுக்கும் கார்க்குக்கும் அழைத்து வந்தது. அதற்குள்ளும் ஓர் உள்வழி இருந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐரோப்பிய லாபத்தில் பெரும்பகுதி, எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத ஒரு 'தலைமை அலுவலக'த்தின் பெயரில் ஒதுக்கப்பட்டதாக ஐரோப்பிய ஆணையம் கண்டது. 2014இல் அந்த நிறுவனம் கட்டியது 0.005 சதவீதம், அதாவது பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ என்று ஆணையம் கணக்குச் சொன்னது. 1,300 கோடி யூரோவை வரிபாக்கியாக வசூலிக்கும்படி 2016இல் அயர்லாந்துக்கு உத்தரவு போட்டது. அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பணத்தைப் பெற வேண்டிய அயர்லாந்தே, 'எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம்' என்று ஆப்பிளோடு சேர்ந்து வழக்காடியது. எட்டு வருஷம் இழுத்து, 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பணத்தை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கடன்காரன் வீட்டு வாசலில் நின்று வசூல் வேண்டாம் என்று அடம்பிடித்த அரசை வரலாறு அதிகம் பார்த்திருக்காது. ஆனால் டப்ளினின் கணக்கு விளங்காததல்ல: ஒருமுறை வரும் பணத்தைவிட, கம்பெனிகள் ஊரைவிட்டுப் போகாமல் இருப்பது அதற்குப் பெரிது.

இந்தப் போட்டியை நிறுத்தத்தான் 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் கூடி, பெரிய பன்னாட்டுக் குழுமங்களுக்கு எங்கே இருந்தாலும் குறைந்தபட்சம் 15 சதவீதம் என்று ஒத்துக்கொண்டன. அயர்லாந்து அதை 2024 முதல் அமலாக்கிவிட்டது. அமெரிக்கா 2025 ஜனவரியில் ஒதுங்கிக்கொண்டது. அந்த அமெரிக்காவேதான் 2017 இறுதியில் தன் கம்பெனி வரியை 35இலிருந்து 21க்கு ஒரே வெட்டாக வெட்டியது. இரண்டு வருஷம் கழித்து, 2019 செப்டம்பரில், இந்தியாவும் 22க்கு இறக்கியது. சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் 25.17. அதன் விளைவை நம் நேரடி வரிக் கணக்கில் பார்க்கலாம். 2023-24இல் கம்பெனிகள் கட்டிய வரி சுமார் 9 லட்சம் கோடி. தனிமனிதர்கள் கட்டியது 10 லட்சம் கோடிக்கும் மேல். கம்பெனிகளைவிடச் சம்பளக்காரரும் சிறு தொழில் செய்பவரும் சேர்ந்து அதிகம் கட்டும் நாடாகிவிட்டோம். கடிதம் எழுதிய சம்பளக்காரர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறதென்றால் அது இந்த இடத்தில்தான். துபாயின் பூஜ்யத்தில் இல்லை.

இவ்வளவு தூரம் வந்தும், பட்டியலின் மூன்றாவது கட்டத்தை யாருமே கேட்கவில்லை. வந்த கடிதங்களில் ஒன்றுகூட விற்பனை வரியைப் பற்றி இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

இந்தியாவில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்கள் ஏழு, எட்டுக் கோடிப் பேர்தான். விற்பனை வரி கட்டாதவர் ஒருவரும் இல்லை. சோப்பு வாங்கும் சித்தாள் கட்டுகிறார். மாத்திரை வாங்கும் ஓய்வூதியக்காரர் கட்டுகிறார். முதியோர் உதவித்தொகையில் பிஸ்கட் வாங்கித் தரும் பாட்டி கட்டுகிறார். அவர் கட்டும் விகிதமும் கோடீசுவரர் கட்டும் விகிதமும் ஒன்றே. ஆனால் பாட்டி தன் வருமானம் முழுவதையும் செலவழிக்கிறார். கோடீசுவரர் பாதியைக்கூடச் செலவழிக்க முடியாமல் முதலீடு செய்கிறார். ஆகவே வருமானத்தில் எத்தனை பங்கு வரியாகப் போகிறது என்று பார்த்தால் பாட்டியின் பங்கு அதிகமாக இருக்கும். இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

இன்றைய விற்பனை வரியின் பொதுவான வடிவமான மதிப்புக் கூட்டு வரியை 1954இல் பிரான்சில் மொரீஸ் லோரே என்ற அதிகாரி வடிவமைத்தார். வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, தான் கூட்டிய மதிப்புக்கு மட்டும் வியாபாரி கட்டுவது அதன் சூட்சுமம். நம் கடைக்காரர்கள் 'இன்புட்' என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். ஒவ்வொருவரும் முந்தையவரிடம் பில் கேட்டு வாங்குவதால், வரித் துறைக்காக வியாபாரிகளே ஒருவரையொருவர் கண்காணிக்கிறார்கள். இவ்வளவு சாமர்த்தியமான வரியை அரசுகள் விடுமா? இன்றைக்கு 170 நாடுகளுக்கு மேல் ஏதோ ஒரு பெயரில் இது இருக்கிறது.

இல்லாத பெரிய நாடு அமெரிக்கா. அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். அலமாரியில் ஒட்டிய விலை ஒன்று, கல்லாவில் கொடுப்பது வேறு. கொலம்பியா ஆற்றின் தென்கரையில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட். அங்கே விற்பனை வரி கிடையாது, வருமான வரி உண்டு, உச்சம் 9.9 சதவீதம். வடகரையில் வாஷிங்டன் மாநிலம். அங்கே சாதாரணச் சம்பளக்காரருக்கு மாநில வருமான வரி கிடையாது, விற்பனை வரி உண்டு. வடகரையில் குடியிருந்துகொண்டு பாலம் தாண்டிப் போய் டிவி வாங்குகிறவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அப்படி வாங்கினால் சொந்த மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை பேர் கட்டுவார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

விகிதம் எவ்வளவு என்பதைப் போலவே, எதன்மேல் என்பதும் சண்டைக்குரியது. பிரிட்டனில் கேக்குக்கு வாட் பூஜ்யம், சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு முழு வரி. ஜாஃபா கேக் கேக்கா பிஸ்கட்டா என்று 1991இல் தீர்ப்பாயம் வரை போனார்கள். பழசானால் கேக் இறுகும், பிஸ்கட் நமத்துப்போகும் என்ற அடுக்களை உண்மையும் அங்கே அலசப்பட்டது, கேக் வென்றது. ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம், உணவுக்கு 8. கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10, பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் 8. நாமும் சளைத்தவர்கள் இல்லை. ரொட்டிக்கு 5 சதவீதம், பரோட்டாவுக்கு 18 என்று 2020இல் கர்நாடகத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. பன்னுக்கு வரியில்லை, நடுவில் கிரீம் தடவினால் 18 என்று 2024இல் கோவையில் ஒரு ஓட்டல் அதிபர் நிதியமைச்சர் முன்னிலையில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 ஸ்லாபுகள் போய், பெரும்பாலும் 5, 18, சிலவற்றுக்கு 40 என்றாகியிருக்கிறது. பரோட்டாவுக்கு வரி நீங்கியது. குளியல் சோப்பு 18இலிருந்து 5க்கு வந்தது. அரிசியில் மட்டும் அந்தப் பழைய விசித்திரம் நீடிக்கிறது: மூட்டையைப் பிரித்து அளந்து போட்டால் வரியில்லை, பெயர் அச்சிட்ட 25 கிலோ பைக்குள் போனால் 5.

இந்தியாவில் பொது விற்பனை வரியின் பிறந்த ஊர் நம் சென்னைதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மற்ற மாகாணங்கள் பிறகு பின்தொடர்ந்தன. இன்றைக்கு மதுவிலக்கு இல்லை, டாஸ்மாக் இருக்கிறது. விற்பனை வரியும் போகவில்லை. ஈடாக வந்த வரியும், எதற்கு ஈடாக வந்ததோ அந்த வருமானமும் ஒரே கஜானாவில் சேர்கின்றன. மதுவும் பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே, மாநிலங்களின் கையில் இருப்பதற்கும் இந்த வருமானம்தான் காரணம். அந்தப் பிடியை எந்த மாநிலமும் எளிதில் விடாது.

'வரியைக் குறைத்தால் என்ன?' என்று கேட்பவர்களுக்கு, கடல் தாண்டி அதிக தூரம் போக வேண்டாம். 2019 டிசம்பரில் இலங்கை தன் வாட் வரியை 15இலிருந்து 8க்குக் குறைத்தது. ஆண்டுக்கு 30 கோடி ரூபாய் விற்றுமுதல் இல்லாத நிறுவனங்கள் பதிவே செய்ய வேண்டாம் என்றது. முன்பு அந்த வரம்பு 1.2 கோடி. சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் நீக்கியது. கம்பெனி வரி 28இலிருந்து 24க்கு இறங்கியது. அன்றைக்கு அந்த வகைப் பட்டியலில் இலங்கை மிக அழகாகத் தெரிந்திருக்கும். வரி வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது, ரசாயன உரத்துக்குத் தடை போட்ட கூத்தும் சேர்ந்தது, வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. வீழ்ச்சிக்கு வரிக்குறைப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இக்கட்டில் கைகொடுக்க வேண்டிய வருவாயை முன்கூட்டியே கைகழுவியது அந்த முடிவுதான். 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று நாடு அறிவித்தது.

அதை மீட்டது யார் பணம் என்று பாருங்கள். வாட் 8இலிருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. முன்பு விலக்குப் பெற்றிருந்த சமையல் எரிவாயு, பெட்ரோல், கைபேசி எல்லாம் வரிக்குள் வந்தன. குறைத்தபோது பெரும் பலன் கண்டவர் 30 கோடிக்குக் கீழே விற்றுமுதல் காட்டிய முதலாளி. ஏற்றியபோது யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் அடுப்பெரிப்பவரும் கட்டினார். இரண்டும் ஒரே நாட்டில், ஐந்து ஆண்டுக்குள்.

கடைசியாக இரண்டு நாடுகள். ஹங்கேரியின் வாட் 27 சதவீதம், உலகிலேயே உயரம். அதே நாட்டின் கம்பெனி வரி 9. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே தாழ்வு. வருமான வரி ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே 15. டென்மார்க்கிலும் வாட் உயரம்தான், ரொட்டிக்கும் காருக்கும் ஒரே 25. ஆனால் கம்பெனி வரி 22. வருமான வரியின் உச்சம் 50ஐத் தாண்டும். அங்கே மருத்துவமனையில் பில் இல்லை; பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை, படிக்கும் மாணவருக்கு அரசு மாதப்படியும் கொடுக்கிறது. மூன்றாவது கட்டத்தில் இரு நாடுகளும் அக்கம்பக்கம். ஒன்று சோப்பு வாங்குபவரிடம் வாங்கிக் கம்பெனிக்குச் சலுகை தருகிறது. மற்றது எல்லோரிடமும் வாங்கி எல்லோருக்கும் திருப்பித் தருகிறது. நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் தயங்காமல் டென்மார்க்கைச் சொல்வேன். அத்தனை வரி கட்ட நம்மவர் சம்மதிப்பார்களா என்று கேட்டால், கட்டியது திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்தால் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆகவே அடுத்த முறை அந்தப் பட்டியல் உங்கள் கைக்கு வந்தால், நடுக்கட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு முன் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். பிறகு, அதை முதல் கட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள். ஒன்று ஏற மற்றது இறங்கியிருந்தால், அந்த நாட்டில் யார் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பத்திரிகை சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இலங்கைக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. லண்டனிலும் டொராண்டோவிலும் வாசகர்கள் இருக்கிறார்கள். இந்த மாதம் நீங்கள் வாங்கிய அரிசி, சோப்பு, மருந்து மூன்றுக்கும் உரிய கடை ரசீதின் நகல் ஒன்றை அனுப்புங்கள். வரி எவ்வளவு என்பதைக் கோடிட்டுக் காட்டுங்கள். உங்கள் தொலைபேசி எண் அச்சாகியிருந்தால் அடித்துவிடுங்கள். 'பில் வேண்டுமா, வேண்டாமா?' என்று கடைக்காரர் கேட்டிருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள், கடையின் பெயர் வேண்டாம். வந்த ரசீதுகளை வைத்து, நாட்டுக்கு நாடு ஒரு பட்டியலை நாமே போடுவோம். முகவரி வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்